ஓட்டு எண்ணும் நாள்: முன்னிலையை நம்பிச் சரவெடி வாங்காதீர்கள்

தேர்தல் முடிவு நாளில் சுற்றுக் கணக்கு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு முறையும் புதுப் பையன்கள் வருகிறார்கள், பழைய தவறுகளையே செய்கிறார்கள். வாட்ஸ்அப் வதந்தி, கருத்துக்கணிப்பு பற்றியெல்லாம் சொல்லத் தேவையில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

எந்தச் சாவடி என்று தெரியாமல் முன்னிலையைப் படிப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பொதுவாக ஒரு தொகுதிக்கு 14 மேஜை. 14 சாவடி எண்ணினால் ஒரு சுற்று. சாவடிகள் வரிசை எண்படி வரும், அந்த எண்களோ ஊர் ஊராக அடுத்தடுத்துப் போட்டவை. அதனால் முதல் ஐந்து சுற்றும் தொகுதியின் ஒரு மூலையாகவே இருந்துவிடலாம். காட்பாடித் தொகுதியில் பொன்னை பக்கத்துக் கிராமங்களும் டவுன் பக்கத்துக் காந்தி நகரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடும் என்று யார் சொன்னது?

2021 மே 2 அன்று அதே காட்பாடியில் தி.மு.க.வின் துரைமுருகன் பல சுற்றுகளில் பின்தங்கியிருந்தார். மத்தியானம் ஒரு பையன், "இனிமே எங்கணா ஏறப்போறாரு?" என்று சொல்லிவிட்டுக் கைமாற்று வாங்கிய காசில் பத்தாயிரம் வாலா வாங்கிவந்தான். கொரோனாவால் வெற்றி ஊர்வலத்துக்கே தடை இருந்த சமயம் அது. கடைசியில் அ.தி.மு.க.வின் வி.ராமுவை துரைமுருகன் 750-க்கும் குறைவான ஓட்டில் வென்றார். கடைக்காரர் சரவெடியைத் திரும்ப எடுக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2019 ஆகஸ்டில் வேலூர் மக்களவைத் தேர்தலிலும் இதே கதைதான். ஆரம்பத்தில் அ.தி.மு.க. கூட்டணியின் ஏ.சி.சண்முகம் முந்தினார். வாணியம்பாடி, ஆம்பூர் ஓட்டுகள் சேரச் சேரக் கணக்கு மாறி, தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார்.

சரி, என்ன செய்வது? முந்தின இரவே சாவடிப் பட்டியலை எடுத்து, 14-க்கு ஒரு கோடு போடுங்கள். போன தேர்தலின் படிவம் 20-இல் சாவடிவாரியாக ஓட்டு இருக்கும். அதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போன முறை 3,000 முந்திய சாவடிகளில் இந்த முறை 1,000தான் முந்துகிறார் என்றால், டிவி 'முன்னிலை' என்று காட்டினாலும் அவர் இறங்குமுகத்தில் இருக்கிறார். சாவடி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2021-இல் கூட்டத்தைக் குறைக்க நிறையச் சாவடிகளைப் பிரித்தார்கள், எண்கள் தாறுமாறாகிவிட்டன. பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்துங்கள்.

தபால் ஓட்டை அலட்சியம் செய்வது

எட்டு மணிக்குத் தபால் ஓட்டு, எட்டரைக்கு இயந்திரம். அந்த அரை மணி நேரத்து முன்னிலைக்குத் துள்ள வேண்டாம். அதற்காக ஒதுக்கியும் விடாதீர்கள். 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டுதான். தபால் ஓட்டுத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் தி.நகரில் 137. செல்லாதவை என்று தள்ளிய தபால் ஓட்டுகளைவிட வித்தியாசம் குறைவாக இருந்தால், முடிவு அறிவிக்கும் முன் அவற்றை மறுபடி சரிபார்த்தாக வேண்டும்.

இரண்டு சேனல் எண்களை ஒப்பிடுவது

வேண்டாம்.

கடைசிச் சுற்றோடு எழுந்து போவது

அதற்கப்புறம்தான் குலுக்கலில் எடுத்த ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று இயந்திரம் அச்சடிக்கும் சீட்டுகள்) எண்ணுவார்கள். ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் சோதனைக்காகப் போட்ட மாதிரி வாக்குப்பதிவை அழிக்காமல் விட்ட இயந்திரம் ஏதாவது இருந்தால், அதை எண்ணாமல் ஓரமாக வைத்திருப்பார்கள். வித்தியாசம் அதிலுள்ள ஓட்டைவிட அதிகமென்றால் அதைத் தொட மாட்டார்கள். குறைவென்றால் அந்த ஒரு பெட்டியில்தான் தொகுதியே இருக்கிறது. எத்தனை ஒதுக்கினார்கள் என்று உள்ளே இருக்கும் வேட்பாளரின் முகவர் எழுதிவைத்திருக்க வேண்டும். பாதிப் பேர் எழுதுவதில்லை.

மறு எண்ணிக்கையை மறுநாள் கேட்பது

முடிவை அறிவிக்கும் முன்பே, காரணத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். அறிவித்த பிறகு தேர்தல் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடுவதுதான் மிச்சம்.