முதுகு மசாஜுக்கு எத்தனை நிமிஷம் எடுப்பது? முதல் தடவை போகிறவர்களுக்கு

பாசிக்குடாப் பக்கம் ஓரிடத்தில் முதல் தடவை மசாஜுக்குப் போனபோது மேசையில் இருந்த அட்டையில் 30, 60, 90 என்று மூன்று இலக்கம்தான் இருந்தது, நான் யோசிக்காமல் 90ஐக் காட்டினேன். நாரி (கீழ்முதுகு) நோ கூட, அப்போ நேரமும் கூட வேண்டும்தானே என்பது என் கணக்கு. போதாததற்கு "நல்லா அழுத்திச் செய்யுங்க" என்றும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை கட்டிலை விட்டு எழும்ப ஏலாமல் கிடந்ததைப் பார்த்து மாமி கேட்டா: "காசு குடுத்தா மனே அடி வாங்கிட்டு வந்த நீ?"

அதற்குப் பிறகுதான் நேரம் பார்த்து எடுக்கப் பழகினேன். அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இன்றைக்குப் போகலாமா?

காய்ச்சலோடு உடம்பு நோ என்றால் மசாஜ் வேண்டாம். எங்கள் பக்கம் மாரி மழை காலத்தில் டெங்கு வருவது புதிதல்ல, அதற்கும் முதுகும் மூட்டும் உளையும், அதை எண்ணெய் போட்டு உரஞ்சிப் போக்க முடியாது, போய் இரத்தம் சோதியுங்கள். விழுந்து அடிபட்ட நோ, ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்காலில் வலி, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் டொக்டரிடம் கேட்டுவிட்டே போக வேண்டும். கால் விறைத்துப் பலம் குறைகிறது, இல்லை சிறுநீர் போவது கட்டுப்பாட்டில் இல்லை என்றால் 30 நிமிஷமா 60 நிமிஷமா என்ற கேள்வியே இல்லை, நேரே ஆஸ்பத்திரி.

அடுத்தது, இடங்களை எண்ணுங்கள்

இதுதான் முக்கியம். நோ எவ்வளவு கடுமை என்பதை விடுங்கள், எத்தனை இடத்தில் என்று பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று கையை வைத்துப் பாருங்கள்: கழுத்தடியும் தோளும் ஒன்று, தோள்பட்டை எலும்புக்கு நடுவே உள்ள பகுதி இரண்டு, நாரி மூன்று, இருப்பு (பிட்டம்) நான்கு, தொடையின் பின்பக்கம் ஐந்து.

ஓரிடத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து வடிவாகச் செய்ய 10 முதல் 15 நிமிஷம் போகும் என்பது என் அனுபவக் கணக்கு. ஆக, மருதமுனையில் தறியில் குனிந்து நெய்கிறவருக்கோ, நாள் முழுக்க கொம்பியூட்டர் முன்னால் இருக்கிற என்னைப் போன்றவருக்கோ தோளும் நடுமுதுகும் மட்டும் என்றால் 30 போதும். வெள்ளாமை வேலைக்கு நெல் மூட்டை தூக்கி நாரியும் இருப்பும் தொடையும் இறுகிப் போனவருக்கு 30 காணாது, ஏனென்றால் நாரி இழுத்துப் பிடிப்பதில் இருப்புத் தசைக்கும் தொடைக்கும் பங்கு இருக்கலாம், அதையும் தொட்டால்தான் சுகம் தெரியும். அவருக்கு 60. முழு முதுகோடு காலும் கையும் தலையும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்தான் 90 பற்றி யோசிக்க வேண்டும்.

60 என்பது 60 இல்லை

அட்டையில் 60 என்று இருந்தாலும் உடுப்பு மாற்றுவதும் நோ எங்கே என்று கதைப்பதும் கடைசியில் எண்ணெய் துடைப்பதும் அதற்குள் அடங்கும் இடங்கள் உண்டு. கை முதுகில் படுவது 50 நிமிஷம்தான் என்றால், 30 எடுத்தவருக்கு 20 மட்டும் மிஞ்சும். அதனால் பதியும்போதே கூச்சப்படாமல் கேளுங்கள்: "கை வைக்கிற நேரம் எவ்வளவு?" கூட ஒரு கேள்வி, "முதுகு மட்டும் செய்வீங்களா?" சில இடங்களில் கேட்காவிட்டால் பாதி நேரம் பாதத்திலேயே போய்விடும்.

அழுத்தம் கூடினால் நேரத்தைக் கூட்ட வேண்டாம்

ஆழமாக அழுத்துவதற்கு முன் உள்ளங்கையால் மெதுவாகத் தடவித் தசையை இளக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எடுத்தவுடன் முழங்கையை ஊன்றினால் தசை இன்னும் இறுகும். ஆக, ஆழமான மசாஜுக்கு மிகக் குறைந்த நேரம் சரிவராது, ஆனால் முதல் தடவையே 90 நிமிஷம் அதையே வாங்கினால் என் கதிதான். அழுத்தித்தான் வேண்டும் என்றால் முதல் தடவைக்கு நடுத்தர அழுத்தம், 45 அல்லது 60. நோ 10இல் 6ஐத் தாண்டினால், மூச்சைப் பிடிக்க வேண்டி வந்தால், அப்போதே சொல்லுங்கள்.

ஒரே நாளில் நீளமா, பல நாளா?

நாட்பட்ட கழுத்து வலிக்கு அமெரிக்காவில் 228 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், 4 கிழமை, கிழமைக்கு 2 அல்லது 3 தடவை 60 நிமிஷம் செய்தவர்களுக்குத்தான் குறிப்பிடத்தக்க பலன் தெரிந்தது. 30 நிமிஷக்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை. கழுத்து வேறு நாரி வேறு என்பது சரிதான், ஆனால் 2011இல் வெளியான நாட்பட்ட நாரி நோ ஆய்விலும் 401 பேரில் மசாஜ் பெற்றவர்களுக்குக் கிழமைக்கு 1 தடவை என 10 தடவைதான் செய்தார்கள். அதில் இன்னொரு சங்கதி, சும்மா இளைப்பாறச் செய்யும் மசாஜும் தசை பார்த்துச் செய்யும் மசாஜும் கிட்டத்தட்ட ஒரே அளவு உதவின.

இதை நம் பொக்கற்றுக்கு மாற்றினால்: நாட்பட்ட நோவுக்கு ஒரு 90ஐ விட, அதே காசில் இரண்டு கிழமைக்குப் பிரித்த இரண்டு 45 மேல். கொழும்பு இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய அலுப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு 30 போதும்.

வீட்டில் செய்வதென்றால்

இங்கே நேரத்தைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம். ஒன்று, செய்கிறவரின் பெருவிரல். 15 நிமிஷத்தில் அது கெஞ்சத் தொடங்கும், அதனால் விரலை விட உள்ளங்கையையும் முன்கையையும் பயன்படுத்தச் சொல்லுங்கள், முள்ளந்தண்டின் மேல் நேராக அழுத்த வேண்டாம், அதன் இரு பக்கத் தசையில் மட்டும். மற்றது, படுப்பவரின் கழுத்து. மசாஜ் மேசையில் முகம் வைக்க ஓட்டை இருக்கும், பாயில் இல்லை, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் குப்புறக் கிடந்தால் நாரி இளகிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். மடித்த துவாயை நெற்றிக்குக் கீழே வைத்து, போனில் 20 நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள். நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கினால் போதும். சோறு சாப்பிட்ட கையோடு வேண்டாம், ஒரு மணித்தியாலமாவது போகட்டும்.

முடிந்ததும் உடனே துள்ளி எழும்பாமல் கொஞ்சம் இருந்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுங்கள், தலை கிறுகிறுக்கக்கூடும்.

அப்புறம் மறுநாள் பின்னேரம் முதுகு எப்படி இருந்தது என்று போனில் ஒரு வரி எழுதி வையுங்கள். லேசான உளைவு ஒன்றிரண்டு நாளில் போய்விட்டால் நேரம் சரி. அதைத் தாண்டி நீடித்தால் முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள், பிறகும் அப்படியே என்றால் 15 நிமிஷத்தைக் குறையுங்கள். ஒரு பக்கம் மட்டும் மிச்சம் கிடந்தால், அடுத்த முறை நேரத்தைக் கூட்டாமல் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.