வீடற்றோர் பற்றிய மாணவர் ஆவணப்படம்: எடிட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கத்து விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் எடுக்கும் ஆவணப்படங்களின் ரஃப் கட்டை, அதாவது முதல் தடவை வெட்டி ஒட்டிய வடிவத்தை, அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது சில வருடங்களாக என் வழக்கம். வீடில்லாதவர்களைப் பற்றி வருடத்துக்கு ஒரு படமாவது வந்துவிடும். படம்பிடிக்கும்போது பிள்ளைகளிடம் இருக்கிற அக்கறை, எடிட்டிங்குக்கு உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகிறது. படத்தைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிடுவதுதான் காரணம்.

முதல் தவறு, பதிலைப் பாதியில் வெட்டுவது. ஒரு படத்தில், பேருந்து நிலையத்தில் படுத்துக்கொள்ளும் பெரியவர் ஒருவரிடம் "உங்களுக்கு யாருமே இல்லையா தாத்தா?" என்று கேட்டிருந்தார்கள். (ஊரையும் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) அவர் சொன்னது இது: "இல்ல மக்களே, எனக்க மவ உண்டு. தக்கலையில கெட்டிக் குடுத்தாச்சு. அவளுக்க மாமியாருக்க முன்னால போய் சோத்துக்கு நிக்க மனசில்ல." டைம்லைனில் மிஞ்சியது "இல்ல" என்ற ஒரு சொல்லும், அதற்குக் கீழே ஒரு புல்லாங்குழலும். அவர் அந்தச் சொல்லால் கேள்வியை மறுத்தார். படத்தில் அதுவே யாரும் இல்லை என்ற ஒப்புதலாகிவிட்டது. ரோஷமுள்ள ஒரு அப்பாவை மூன்றே நொடியில் அநாதையாக்கிவிட்டார்கள்.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். கத்தரியைத் தொடும் முன் பேட்டி முழுவதையும், கேள்விகள் உட்பட, பேச்சு நடையிலேயே எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத அரை நாள் ஆகும், ஆகட்டும். தாளில் பார்க்கும்போது எந்த வரியை எடுத்தால் எந்த வரி பொய்யாகும் என்று கண்ணுக்குத் தெரியும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கேள்வியையும் சேர்த்துக் கேட்க விடுங்கள்.

அப்புறம், எதை எதற்குப் பக்கத்தில் ஒட்டுகிறோம் என்பது. நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு தடவை சூப்புக் கிண்ணத்தோடும் ஒரு தடவை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு முதலில் பசியும் பிறகு துக்கமும் தெரிந்ததாம். முகம் மாறவே இல்லை. நம் மாவட்டத்தில் இந்த வேலையைச் செய்வது 133 அடி வள்ளுவர் சிலை. சிலையிலிருந்து கேமரா கீழே இறங்கும், கட், தரையில் ஒருவர் சுருண்டு கிடப்பார். இல்லாவிட்டால் முக்கடல் சூரிய அஸ்தமனம், கட், அதே பெரியவர். அவர் இருப்பதோ சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி, நாகர்கோவிலில். அந்தக் கடலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? கன்னியாகுமரிக் கடற்கரையிலேயே படுக்கிற ஒருவரைப் படம் பிடித்திருந்தால், கார்த்திகை மார்கழியில் சபரிமலை பக்தர் கூட்டம் நிறையும்போது அவர் எங்கே ஒதுங்குகிறார் என்று காட்டுங்கள். அந்த ஷாட் அந்த இடத்துக்கே உரியது.

சத்தத்தைத் துடைத்து எடுப்பதும் தவறுதான். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் பதிந்த பேட்டி என்றால் பின்னால் "திருநெல்வேலி, திருநெல்வேலி" என்ற கூப்பாடும், பேருந்து பின்னால் எடுக்கும்போது விசிலும் இருக்கும். இரைச்சல் நீக்கும் கருவியை முழுக்கத் திருகினால் பேச்சு டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். அந்த இரைச்சலுக்குள்தான் அவர் தினமும் தூங்குகிறார். பேச்சு புரிகிற அளவுக்குக் குறைத்தால் போதும். வெட்டிய இடங்களை மூட, பேட்டி எடுத்த இடத்திலேயே ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிந்து வையுங்கள்.

சப்டைட்டிலில் "எனக்க மவ" என்பதை "எனது மகள்" ஆக்காதீர்கள். வெளியூர்க்காரருக்கும் அது புரியும். வாய்ஸ் ஓவரில் எல்லாரையும் "பிச்சைக்காரர்கள்" என்று சொல்லாதீர்கள். பகலில் சுமை தூக்கிவிட்டு ராத்திரி படுக்க இடமில்லாதவரும் அதே வரிசையில் படுத்திருப்பார்.

எண்ணைப் போட்டால் வருடத்தையும் போடுங்கள். வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் என்று எல்லாப் படத்திலும் வருவது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இந்திய எண். 2011 பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் நடந்த கணக்கெடுப்பு அது. இன்றைய நிலவரம்போல அதைத் திரையில் போடுவது தப்பு.

முகத்தை மறைப்பதில் சட்டமும் இருக்கிறது. வீடில்லாத குழந்தை, 2015 சிறார் நீதிச் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அந்தக் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மெல்லிய மங்கலாக்கல் போதாது. சட்டையும் குரலும் கூட நிற்கும் பாட்டியும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஷாட்டே வேண்டாம். தூங்கிக்கொண்டிருப்பவரின் முகமும் வேண்டாம், அவர் எப்போது சம்மதம் சொன்னார்?

கடைசியாக, படத்தை முடித்துப் பூட்டுவதற்கு முன் அவரிடம் கொண்டுபோய்க் காட்டாமல் விடுவது. அன்று கேமராவுக்கு முன்னால் தலையாட்டியதோடு சம்மதம் முடிந்துவிடாது. யூடியூபில் ஏறினால் வாட்ஸ்ஆப்பில் மகளின் மாமியார் வீட்டுக்கும் போகும் என்பதை அவரிடம் சொல்லவேண்டும்.

அந்தப் பெரியவர் படத்தில் எல்லோருக்கும் பிடித்த ஷாட் ஒன்று இருந்தது. விடியுமுன் எழுந்து, சாக்கை நாலாக மடித்து, போர்வையை அதற்குள் வைத்து, பிளாஸ்டிக் கயிற்றால் இரண்டு சுற்று கட்டி, மூடிய கடை ஒன்றின் படிக்கு அடியில் தள்ளுவார். பதினொரு நொடி, வெட்டே இல்லை. போனில் ஹெட்செட் மாட்டி அவரிடம் போட்டுக் காட்டினார்கள். மகளைப் பற்றிய பேச்சு முழுசாக வந்தபோது தலையாட்டினார். இந்த ஷாட் வந்ததும் ஹெட்செட்டைக் கழற்றினார். "இத மட்டும் எடுத்துரு மக்களே. சாக்கு எங்க இருக்குன்னு கண்டா, ராத்திரி வரும்போ காணாது."

எடுத்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் போட்டார்கள்.