தொடாமலே வெடித்த பலூன்கள்

மகளின் பிறந்தநாளை மண்டபம் எடுக்காமல், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டிலேயே சிக்கனமாகச் செய்ய ஏற்பாடு. முன்கூட்டியே ஊதிப் பார்த்த பலூன்கள் கட்டிய கொஞ்ச நேரத்தில் வெடித்தன. மட்டமான சரக்கோ என்று விலை கூடியதை வாங்கினோம், அதுவும் வெடித்தது. காற்றைக் குறைத்தோம், வெயில் படாத மூலைக்கு மாற்றினோம். நாட்கள்தான் போயின.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது: அக்கா முடிச்சுப் போட்டவை மட்டுமே வெடித்தன. ‘அசாம் போய்’ எனும் உப்பிட்ட பிளம் பானத்துக்குத் தினமும் லீமாவ் கஸ்தூரி எனும் சிறு எலுமிச்சையைப் பிழிவது அவர்தான். அந்தப் பழத்தோலிலுள்ள எண்ணெயில் லிமோனீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ரப்பரைக் கரைத்துவிடும். சாறு அல்ல, தோல்தான் வில்லன். (ஆரஞ்சுத் தோலும் அப்படித்தான், சீனப் புத்தாண்டுச் சமயத்தில் ஜாக்கிரதை.) சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு ஊதினோம். சரி, விருந்து முடியும்வரை ஒன்றுகூட வெடிக்கவில்லை. அப்பாடா!