சுவிட்ச், ரூட்டர், கேபிள்: கம்பிவழி வேகத்தைச் செலவில்லாமல் அளக்கும் முறை

கடலூர் முதுநகரில் ஒரு சிறிய அலுவலகத்தில், கணினிகளுக்கிடையே கோப்புகள் மெதுவாக நகர்கின்றன என்பதற்காகப் புதிய சுவிட்ச் (பல கணினிகளைக் கேபிளால் ஒன்றிணைக்கும் பெட்டி) வாங்க முடிவு செய்திருந்தார்கள். வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தபோது விநாடிக்கு 94 மெகாபிட் வந்தது. குறை எங்கே என்பதற்கு அந்த எண்ணே துப்பாக அமைந்தது. ஜிகாபிட் இணைப்புக்கு, அதாவது விநாடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்கு, கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும் என்பதால், ஒரு கம்பி அறுந்தாலும் பல கருவிகள் தொடர்பை விடாமல் 100-க்கு இறங்கிக்கொள்கின்றன. கேபிளின் முனையை வெட்டிப் புதிய பிளக்கை அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப்) வேகம் மீண்டது.

இதற்குத் தேவையானவை ஜிகாபிட் போர்ட் உள்ள இரண்டு கணினிகளும் ‘ஐபெர்ஃப்3’ என்ற இலவச மென்பொருளும் மட்டுமே. லேப்டாப்பில் போர்ட் இல்லையெனில் யுஎஸ்பி 3.0 அடாப்டரைப் பயன்படுத்தலாம், யுஎஸ்பி 2.0-இன் உச்சவரம்பே 480 மெகாபிட் என்பதால் அது இவ்வேலைக்கு உதவாது.

முதலில் சுவிட்சை ஒதுக்கிவிட்டு, இரு கணினிகளையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைக்க வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டு, ஒன்றுக்கு 192.168.50.1 என்றும் மற்றதற்கு 192.168.50.2 என்றும் முகவரி கொடுங்கள். முதல் கணினியில் மென்பொருளைச் சர்வராக இயக்கி, ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுத்து, இரண்டாவதிலிருந்து அந்த முகவரிக்குச் சோதனையைத் தொடங்கினால் பத்து விநாடிகளில் விடை வரும். 940 மெகாபிட்டை ஒட்டி வந்தால் கணினிகளும் கேபிளும் நன்றாக உள்ளன. மீதி அறுபது தரவுப் பொதிகளின் தலைப்புகளுக்கும் இடைவெளிகளுக்கும் போய்விடுகிறது. எதிர்த்திசையிலும் ஒருமுறை அளப்பது அவசியம், ஏனெனில் சில பழுதுகள் ஒரு திசையில் மட்டுமே தெரியும்.

இந்த அடிப்படை எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே சுவிட்சை நடுவில் வைக்க வேண்டும். எண் குறைந்தால் புதிதாகச் சேர்ந்த கேபிளையும் போர்ட்டையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். கடலோர உப்புக் காற்றில் பிளக்கின் பின்கள் பச்சை பூத்துவிடுவதும் உண்டு. விளக்கு எரிந்து காட்டும் மலிவான கேபிள் டெஸ்டர் அறுந்த கம்பியைக் கண்டுபிடிக்கும். வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ரூட்டரை அளப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இரு கணினிகளையும் லேன் (LAN, உள் வலையமைப்பு) போர்ட்டுகளில் செருகினால் உள்ளிருக்கும் சுவிட்சை மட்டுமே அளந்தவர்களாவோம். சர்வர் கணினியை வான் (WAN, இணைய இணைப்பு வரும்) போர்ட்டில் இணைத்து, அப்பக்கத்துக்கு நிலையான முகவரி கொடுத்து, லேன் பக்கம் வேறு முகவரி வரிசையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, லேனிலிருந்து சோதனையைத் தொடங்கினால்தான் ரூட்டரின் உண்மையான திறன் வெளிப்படும்.

கோப்பை நகலெடுத்து நேரம் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஜிகாபிட் இணைப்பு விநாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் (ஒரு பைட் என்பது எட்டு பிட்) கொண்டுசெல்லும். பழைய ஹார்டுடிஸ்க் அதற்கு ஈடுகொடுக்காமல் போனால் பழி கேபிளின் மேல் விழுந்துவிடும்.

கத்திரி வெயில் காலத்தில் ஒரு சோதனையைக் கூடுதலாகச் செய்யுங்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சைப் பிற்பகலில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பதிவு செய்யுங்கள். காலையில் 940 காட்டியது மதியத்தில் தள்ளாடினால், அதைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி மீண்டும் அளந்த பிறகு, புதியது வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.