மூட்டை மால்ட்டைக் கெடுக்கும் தவறுகள்

வீட்டில் பியர் தயாரிப்பவர்கள் மால்ட்டை 25 கிலோ மூட்டையாக வாங்கத் தொடங்கியதும் செய்யும் முதல் தவறு, அதைச் சாதாரணத் தானியம் என்று நினைப்பதுதான். பார்க்கப் பார்லி மாதிரியே இருக்கும். ஆனால் சேமித்து வைக்கும் பார்லியில் 12, 13 சதவீதம் ஈரம் உண்டு. அதே பார்லியை முளைகட்டிச் சூட்டில் உலர்த்தியதுதான் மால்ட்; அதில் 4 அல்லது 5 சதவீதம்தான். அவ்வளவு வறண்ட பொருள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மற்ற தானியங்களுக்குச் செய்கிற பாதுகாப்பு இதற்குப் போதாது.

மூட்டையின் வாயைச் சுருட்டி ஒரு கிளிப் போட்டால் போதும் என்றுதான் நானும் இருந்தேன். மூன்று மாதம் கழித்து, அதே மால்ட்டை அதே எடைக்குப் போட்டும் வோர்ட்டில், அதாவது அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் சாற்றில், இனிப்பு குறைந்தது. இனிப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரைச் சந்தேகப்பட்டேன், அரவையைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நொறுக்கென்று உடைய வேண்டியது நமத்துப்போய்ப் பல்லில் ஒட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 சதவீத ஈரமுள்ள 5 கிலோ மால்ட்டில் 4.8 கிலோ உலர்பொருள் இருக்கிறது. ஈரம் 8 சதவீதம் ஆகிவிட்டால் அதே 5 கிலோவில் 4.6 கிலோதான். மீதி 200 கிராம், மால்ட் என்று நினைத்து நாம் நிறுத்துப் போட்ட தண்ணீர். அது போதாதென்று, நமத்த மணி அரவை உருளைகளுக்கு நடுவே நொறுங்காமல் வெறுமனே நசுங்கும். உள்ளே இருக்கும் மாவுச்சத்தை வெந்நீர் சரியாக எட்டாது. ஈரத்தோடு வெப்பமும் சேர்ந்தால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளின் வலு குறையும், மணமும் போய்விடும். (அரைப்பதற்குச் சற்று முன் உமி கிழியாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. அது சில நிமிட வேலை. உமி மட்டும்தான் நனையும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நமத்ததை வெயிலில் பரப்பி மீட்டுவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். வெளிக்காற்றில் மால்ட் 4 சதவீதத்துக்கு இறங்குவது மிக அரிது. காற்று ஈரமாக இருந்தால் இன்னும்தான் குடிக்கும். அதனால் வாங்கிய அன்றே காற்றுப் புகாத வாளிக்கு மாற்றிவிடுங்கள். மூடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். 25 கிலோ மால்ட்டுக்குச் சுமார் 45 லிட்டர் இடம் தேவை. அதை ஒரே பெரிய டிரம்மில் போடாமல் இரண்டு மூன்று வாளிகளாகப் பிரிப்பது நல்லது. ஒன்றைத் திறக்கும்போது மற்றவை மூடியபடியே இருக்கும். வாளிகளை வெறும் தரையில் வைக்காமல் பலகை மேல், குளிர்ச்சியான இருட்டு இடத்தில் வையுங்கள். கொதிகலன் ஆவி விடும் அறை வேண்டவே வேண்டாம். பெயிண்ட், சோப்புத்தூள் பக்கத்திலும் வேண்டாம், அந்த வாடை மால்ட்டில் ஏறிவிடும்.

சரி, நன்றாக மூடிவிட்டோம், இனி வண்டு வராது என்று இருந்துவிடக் கூடாது. கூன்வண்டு மணியைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டையிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது; வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மாதம் போனதும் வண்டுகள் கிளம்பும். அதாவது, அது மூட்டையோடு வந்திருக்கலாம். இடம் இருந்தால் மால்ட்டைச் சிறு பைகளாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: எடுத்த உடனே பையைத் திறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த மணிமேல் காற்றிலுள்ள ஈரம் துளித்துளியாகப் படியும். பை அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு நாள் ஆனாலும், கட்டை அவிழ்க்காதீர்கள். பழைய மால்ட் மிச்சமிருக்கும் வாளியில் புது மூட்டையைக் கொட்டவும் வேண்டாம்.

அரைத்த மால்ட்டை மொத்தமாக வாங்குவது எனக்குச் சம்மதமே இல்லை. முழு மணியாக, வறண்டு, குளிர்ச்சியாக இருந்தால் ஒரு வருடம் தாங்கும். உமி உடைந்துவிட்டால் உள்ளே இருக்கும் கொழுப்பைக் காற்று தொட்டுவிடும். சில வாரங்களிலேயே காறல் தட்டும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே அரையுங்கள், ஆனால் நொதிக்கும் பாத்திரத்துக்கு அருகில் அரைக்காதீர்கள். மால்ட் தூசியில் பியரைப் புளிக்க வைக்கும் லாக்டோ பாக்டீரியா நிறைய இருக்கும்.

கடைசியாக, பூஞ்சணம். பூசண வாடை அடித்தாலோ மணிகள் கட்டிதட்டி நிறம் மாறியிருந்தாலோ, மேலாக அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவது ஆபத்தான சிக்கனம். பூஞ்சை உண்டாக்கும் நச்சுகளில் பல, கொதிக்க வைத்தாலும் அழியாதவை. அந்த வாளி மால்ட் முழுவதையும் கொட்டிவிட்டு, வாளியைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே அடுத்ததை நிரப்புங்கள்.