பால் கவர் மூலையைத் துண்டாக வெட்டாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் நம் வீடுகளுக்கு பிளாஸ்டிக் எடுக்க ஹரித கர்ம சேனை (உள்ளாட்சிக்காக வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பெண்கள் குழு) அக்காக்கள் வருகிறார்கள் இல்லையா, அவர்களிடம் கழுவிக் காயவைத்ததை மட்டும் கொடுங்கள். பால் கவரைத் திறக்கும்போது மூலை தனியாக விழாமல், ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி வெட்டினால் போதும். அந்தச் சின்னத் துண்டு தனியாகப் போனால் சாக்கடைக்கோ மாட்டின் வயிற்றுக்கோதான் போகும், யாராலும் அதைப் பொறுக்கி எடுக்க முடியாது. காலிக் கவரைப் பிளந்து அலசி (அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம்) கொடியில் கிளிப் போட்டு விடுங்கள், மழைக்காலத்தில் அடுப்படி ஜன்னல் கம்பி. ஈரத்தோடு கட்டி வைத்தால் பூசணம் பிடித்து நாறிவிடும், பிரித்தெடுக்கிற அக்காக்கள் அதைக் கையால்தான் தொட வேண்டும். அப்புறம், மீன் வாங்க மூடி போட்ட தூக்குச்சட்டி கொண்டுபோனால் கழுவ ஒரு கவர் குறையும்.