ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகுபவர்களுக்கு: சாவி போடுவதற்கு முன்னும் பின்னும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ரெட்ஹில்ஸ், ஓசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் குடோன் வாசலில் ‘ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் தேவை’ என்று போர்டு தொங்குகிறது. ஹெல்பராகச் சேர்ந்து, சீனியர் அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் வண்டியை முன்னே பின்னே நகர்த்திப் பார்த்து, அப்படியே ஆபரேட்டர் ஆனவர்கள் நம்மிடம் ஏராளம். லீவரை இழுத்தால் ஃபோர்க் (லோடைத் தாங்கும் முன்பக்க இரட்டை எஃகுக் கரங்கள்) ஏறும், தள்ளினால் இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும். இன்றைக்கு இந்த வண்டியை எடுக்கக்கூடாது, இந்த லோடைத் தூக்கக்கூடாது என்று தைரியமாகச் சொல்வதற்குத்தான் உண்மையான பயிற்சி வேண்டும், இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

பொதுவாக எல்லா இடத்திலும் இருக்கும் 2.5 அல்லது 3 டன் வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். ரீச் டிரக், ஸ்டாக்கர் போன்ற வேறு வகைத் தூக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கு இதில் பாதி பொருந்தும், மீதியை அந்தந்த வண்டியின் மேனுவலில் பாருங்கள்.

படி 1: எதில் ஏறப்போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

3 டன் டீசல் வண்டியின் சொந்த எடையே 4 டன்னைத் தாண்டும். நீளத்தில் ஒரு சின்னக் கார் அளவுதான் இருக்கும், அதனால் எடை கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பிடிப்பது முன் சக்கரங்கள் மட்டும், திரும்புவது பின் சக்கரங்கள். கார் ஓட்டிப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நீங்கள் இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வலது பக்கமாக வேகமாக வீசும், பக்கத்தில் நிற்கும் ஹெல்பரின் காலோ ரேக் கம்பமோ அந்த வீச்சில் மாட்டும். கார் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக யாரையும் இதில் உட்கார வைக்க வேண்டாம்.

அடுத்தது சமநிலை. பூங்காவில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: முன் சக்கரம்தான் நடுவில் இருக்கும் தாங்கு புள்ளி, ஒரு பக்கம் லோடு, இன்னொரு பக்கம் வண்டியின் பின்னால் இருக்கும் கவுண்டர்வெயிட். லோடு எவ்வளவு கனம் என்பதோடு, அது முன் சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் வண்டியைக் கவிழ்க்கிறது. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 2500 கிலோ, 500 மி.மீ. என்று போட்டிருந்தால், லோடின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் நிமிர்ந்த முகத்திலிருந்து 500 மி.மீ.க்குள் இருக்கும்வரைதான் அந்த 2500 கிலோ செல்லும். ஃபோர்க் நீளும் திசையில் 2 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டியைத் தூக்கினால் நடுப்புள்ளி 1000 மி.மீ.க்குப் போய்விடும், அப்போது அதே வண்டியின் சக்தி 2 டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். உயரம் கூடினாலும் குறையும், சைடு ஷிஃப்ட்டர் (ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் கருவி), கிளாம்ப் (லோடை இறுக்கிப் பிடிக்கும் கருவி) எது மாட்டினாலும் குறையும். தகடு அழிந்துபோன வண்டி என்றால் முதலில் புதுத் தகடு கேளுங்கள்.

பக்கவாட்டுச் சமநிலையும் உண்டு. பின் ஆக்சில் நடுவில் மட்டும் பிணைக்கப்பட்டு ஆடும்படி இருப்பதால், நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி உண்மையில் நிற்பது மூன்று புள்ளிகளில்: இரண்டு முன் சக்கரம், பின் ஆக்சிலின் நடு. அந்த முக்கோணத்துக்கு வெளியே எடையின் மையம் போனால் கவிழும். லோடே இல்லாமல் வேகமாகத் திரும்பும் வண்டிகூடக் கவிழ்வது இதனால்தான்.

படி 2: சாவி போடும் முன் ஒரு சுற்று

இதற்குப் பத்து நிமிடம் ஆகும். லாரி வந்து நிற்கிறது, சீக்கிரம் எடு என்று சூப்பர்வைசர் கத்துவார், கத்தட்டும். ஃபோர்க் முழுவதும் தரையில் இறங்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவி வெளியே இருக்கும்போது சுற்றி வாருங்கள்.

முதலில் வண்டி நின்ற இடத்தின் தரை. எண்ணெய்க் கறை புதிதாக இருக்கிறதா? இருந்தால் எங்கிருந்து சொட்டுகிறது என்று பாருங்கள், ஆனால் ஹைட்ராலிக் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டைத் துண்டை அருகில் பிடியுங்கள், ஈரமானால் லீக்.

அப்புறம் ஃபோர்க். வளைகிற இடம், அதாவது குதிகால் பகுதிதான் அதிகம் தேயும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். தடிமன் 10 சதவீதம் குறைந்தால் ஃபோர்க்கை மாற்ற வேண்டும்: 40 மி.மீ. இருந்தது 36 ஆனால் கதை முடிந்தது. நாலு மில்லிதானே என்று தோன்றும், ஆனால் அந்த 10 சதவீதத் தேய்மானத்தில் தூக்கும் வலு ஏறத்தாழ 20 சதவீதம் போய்விடுகிறது. இரண்டு ஃபோர்க்கின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, பூட்டும் முள் சரியாக விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசலை உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்க் தனிச் சூட்டுப் பக்குவத்தில் செய்த எஃகு, வெல்டிங் சூடு பட்ட இடம் அந்த வலுவை இழந்துவிடும்.

அடுத்து மாஸ்ட், அதாவது ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டம். அதில் செயினைப் பாருங்கள். துரு, வெடித்த பட்டை, வெளியே துருத்தும் பின் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு செயினும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். செயின் 3 சதவீதம் நீண்டுவிட்டால், அதாவது ஒரு மீட்டருக்கு 30 மி.மீ., மாற்றிவிட வேண்டும். அளக்கிற வேலை மெக்கானிக்குடையது, கண்ணால் பார்ப்பது உங்களுடையது. மாஸ்டுக்குள் கையை விடாதீர்கள், எஞ்சின் ஆஃப் ஆகியிருந்தாலும் சரி.

டயரில் வெட்டு, பிய்ந்த துண்டு, தளர்ந்த வீல் நட். தலைக்கு மேலிருக்கும் கூண்டு வளைந்திருக்கிறதா. டீசல் வண்டி என்றால் எஞ்சின் ஆயில், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட், ஃபோர்க் கீழே இருக்கும்போது ஹைட்ராலிக் ஆயில். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

படி 3: சாவி போட்ட பின்

சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஹாரன், ரிவர்ஸ் அலாரம், லைட். மெதுவாக நகர்த்தி பிரேக், பிறகு ஹேண்ட்பிரேக், ஸ்டீயரிங்கில் இழுப்பு. ஃபோர்க்கை மேலே வரை ஏற்றி இறக்கி, முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள், ஏற்றி நிறுத்தியபின் தானாக இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ பிரச்சினை.

பிரேக், ஸ்டீயரிங், ஹாரன், ஃபோர்க், செயின், ஹைட்ராலிக் இவற்றில் எது சரியில்லை என்றாலும் வண்டி அன்றைக்கு நிற்க வேண்டும். சாவியை எடுத்து சூப்பர்வைசரிடம் கொடுங்கள், ஸ்டீயரிங்கில் ‘ஓட்டக்கூடாது’ என்று அட்டை கட்டுங்கள், லாக் புக்கில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாயால் மட்டும் சொன்னால் அடுத்த ஷிஃப்ட்காரர் அதே வண்டியை எடுத்துவிடுவார்.

படி 4: பேட்டரி வண்டிக்குத் தனியாக

லெட்-ஆசிட் பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டாதீர்கள், சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் சொருகுவதையும் வழக்கமாக்காதீர்கள், இரண்டுமே ஆயுளைக் குறைக்கும். டிஸ்டில்டு வாட்டரை முழு சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது திரவம் பொங்கி ஆசிட்டோடு வழியும். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். அதனால் பேட்டரி இருக்கும் பெட்டியின் மேல்மூடி திறந்திருக்க வேண்டும், அறையில் காற்றோட்டம் வேண்டும், பீடி சிகரெட் கூடவே கூடாது, கையில் மோதிரமோ கம்பி வளையமோ வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கண் கழுவும் இடம் எங்கே என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: லோடு எடுப்பதும் போவதும்

பேலட்டுக்கு (லோடு அடுக்கியிருக்கும் தாங்கு பலகைக்கு) நேராக நின்று, ஃபோர்க்கை முடிந்தவரை அகலமாக வைத்து, லோடு பின்தடுப்பில் முட்டும்வரை உள்ளே விடுங்கள். கொஞ்சம் தூக்கி, மாஸ்டைப் பின்னால் சாய்த்து, தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வைத்து ஓட்டுங்கள். லோடை உயரத்தில் வைத்துக்கொண்டு திரும்புவது, உயரத்தில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ப்பது, இரண்டும் வண்டியைக் கவிழ்க்கும் வேலை. ரேக்கில் வைக்கும்போது மட்டும், அதுவும் இடத்துக்கு நேராக வந்து நின்ற பிறகு ஏற்றுங்கள்.

லோடு பார்வையை மறைத்தால் ரிவர்ஸில் போங்கள். சரிவில் மட்டும் ஒரு விதி தனி: லோடு இருந்தால் அது எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், ஏறும்போது முன்னால் பார்த்து, இறங்கும்போது ரிவர்ஸில். ஏறும்போது லோடு மறைத்தால் ஒருவரை வைத்து வழி காட்டச் சொல்லுங்கள். லோடு இல்லாவிட்டால் ஃபோர்க் பள்ளத்துப் பக்கம். சரிவில் திரும்பவே கூடாது.

ஆட்களைப் பற்றி. தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே யாரும் நடக்கக்கூடாது. பேலட்டில் ஆளை நிறுத்தி பல்பு மாற்ற, மேல் ரேக்கில் எண்ணிக்கை பார்க்க என்று தூக்குவது நம் ஊர்க் குடோன்களில் சர்வ சாதாரணம், ‘அஞ்சே நிமிஷம் தம்பி’ என்று மேனேஜரே கேட்பார். முடியாது சார் என்று சொல்லுங்கள். ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்காருவதும் இதே கணக்கு.

லாரிக்குள் ஏறுவதற்கு முன் டிரைவர் கீழே இறங்கிவிட்டாரா, சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா, லாரித் தரைப் பலகை உங்கள் வண்டியையும் லோடையும் சேர்த்துத் தாங்குமா என்று நீங்களே இறங்கிப் பாருங்கள். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் லாரி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும், குடோன் மேடையையும் லாரியையும் இணைக்கும் டாக் பிளேட் விழுவது அப்படித்தான். டீசல் வண்டியை மூடிய கண்டெய்னருக்குள் ஓடவிட்டு நிற்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வண்டி கவிழத் தொடங்கினால் குதிக்காதீர்கள். குதிப்பவர் மேல்தான் கூண்டு விழுகிறது. பெல்ட் போட்டபடி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயுங்கள். இதை நின்ற வண்டியில் உட்கார்ந்து பழகிப் பாருங்கள், அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

நிறுத்தும்போது ஃபோர்க் தரையில், நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சாவி உங்கள் பையில். தீயணைப்புக் கருவிக்கும் வெளியேறும் வழிக்கும் முன்னால் நிறுத்த வேண்டாம்.

படி 6: சூப்பர்வைசர்களுக்கு

சர்வீஸை ஹவர் மீட்டர் (வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர்) பார்த்துச் செய்யுங்கள். பெரும்பாலான டீசல் வண்டிகளுக்கு எஞ்சின் ஆயில் மாற்றம் 250 மணி நேரத்துக்கு ஒரு முறை வரும். மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில் அது ஒரு மாதத்துக்குள்ளேயே வந்துவிடும்.

பயிற்சியை மூன்றாகப் பிரியுங்கள்: வகுப்பு, காலி இடத்தில் பயிற்சி, பிறகு உங்கள் குடோனின் சொந்தச் சரிவிலும் ரேக்கிலும் ஒருவர் பக்கத்தில் நிற்க ஓட்டுவது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க விதிப்படி ஓடும் வண்டியைத் தினமும் சோதிக்க வேண்டும், இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும். ஆபரேட்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது ஓட்ட வைத்து மதிப்பிட வேண்டும், விபத்து நடந்தாலும் மயிரிழையில் தப்பினாலும் மறுபயிற்சி தர வேண்டும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்த பிறகே வண்டியில் ஏற முடியும். இங்கேயும் இப்படிச் சோதித்து, மதிப்பிட்டு எழுதி வைக்க யாரும் தடுக்கவில்லை, ஒரு நோட்டும் அரை நாளும் போதும்.

புதிய ஆபரேட்டரை மதிப்பிடும் அன்று ஒரு வேலை செய்யுங்கள்: வண்டியில் ஹாரன் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, ‘அவசரம், எடு’ என்று சொல்லுங்கள். சோதித்துப் பார்த்து, எடுக்க மாட்டேன் என்று சாவியை உங்களிடமே திருப்பிக் கொடுத்தால் அவருடைய ஆபரேட்டர் அனுமதிக் கார்டில் கையெழுத்துப் போடலாம்.